காலி

செம்பனைக் குலை ஏற்றிய லாரி கடைத்தெருவைக் கடந்தால்
எங்கள் வீட்டு மேசை நடுங்கும்.
ஊத்தான் மெலிந்தாங்கில் பென்சீன் வளையம் வரைகிறவள்
இதற்குப் பழகிக்கொள்ள வேண்டும்.
என் அறுகோணங்களில்
ஒரு மூலை எப்போதும் கோணல்.

வேதியியல் முதலாண்டு முடித்து
விடுமுறைக்கு வந்திருக்கிறேன்.
போன வருடம் மருந்தியல் கேட்டேன்.
"டுக்காசித்தா" என்று தொடங்கி
மூன்று வரியில் பதில் வந்தது.
துக்கம், சித்தம்.
நம் வீட்டுச் சொற்கள்தான்,
வேறு சட்டை போட்டுக்கொண்டு
வாசலில் வந்து நின்றன.

இந்த வருடமும் கேட்கிறேன்.
பகலில் கூ பார்மசியில் கல்லா,
இரவில் மோலாரிட்டி.

பின்கட்டில் தனி வாளியில்
அம்மா களைக்கொல்லி அடித்த சட்டை ஊறுகிறது.
ஒரு முதுகுப் பம்புக்கு எத்தனை மூடி என்பது
அவளுக்குக் கைக்கணக்கு.
சூத்திரம் போட்டுப் பார்த்தேன், சரியாகவே இருந்தது.
எனக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம்.
புட்டியின் பின்னால் பொடி எழுத்தில்
'கண்ணில் பட்டால்' என்றொரு பத்தி.
வாசித்துக் காட்டினேன்.
தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

பார்மசியின் பின் அலமாரிக்கு ஒரு சின்னப் பூட்டு.
சாவி மிஸ் கூவின் கழுத்தில்,
அடையாள அட்டையோடு தொங்கும்.
என் எல்லை
காய்ச்சல் மாத்திரை, தைலம், குழந்தைப் பவுடர்.

புதன்கிழமை மத்தியானம்
எதிர் முடிவெட்டுக் கடையிலிருந்து
செவந்தியப்பன் அண்ணன் வந்தார்.
புதுக்கோட்டைப் பக்கம்,
பெர்மிட்டில் வந்து எட்டு மாதம்.
கையில் கிளினிக் கொடுத்த வெள்ளை உறை.
1 பிஜி, 2 காலி செஹாரி.

"பாப்பா, காலின்னா காலி வயித்துலதானே?"

பதினோரு நாளாய்ச் சாப்பிடாமல்
இருட்டோடு எழுந்து
ரெண்டு ரெண்டாய் விழுங்கியிருக்கிறார்.
திங்கட்கிழமை கை உதறி
ஒருத்தருடைய கிருதா காதுக்கு மேலே போய்விட்டதாம்.
"அவர் ஒண்ணும் சொல்லல,
காசு மட்டும் கொடுக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது.
உறையில் இருந்த பெயரைப் படித்ததும் நின்றது.
போன செமஸ்டரில் அதன் அமைப்பை வரைந்திருக்கிறேன்,
பத்துக்கு எட்டு மதிப்பெண்.
உடம்புக்குள் போய் அது என்ன செய்யும் என்று
அந்தப் படத்தில் இல்லை.

காலி என்றால் தடவை.
அதுவரை சொல்ல எனக்கு மலாய் போதும்.
மற்றதெல்லாம் பூட்டுக்கு அந்தப் பக்கம்.

மிஸ் கூவைக் கூப்பிட்டேன்.
அவர் மலாயில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன்.
அண்ணன் சொன்னார்:
முதல் நாள் தலைசுற்றல்,
அப்புறம் கிறுகிறுப்பு,
நேற்று மயக்கம் மாதிரி,
ஆனா மயக்கமில்ல.
எல்லாவற்றுக்கும் "பெனிங்" என்றேன்.
ஊற்றும்போது
புட்டியின் வாயோரம் ஒரு துளி வெளியே வழியுமே,
அப்படி ஏதோ வழிந்தது.
மிஸ் கூ பேனாவை மூடினார்.
"எந்த பெனிங்?"

கடைக்கு நடுவில் நான் நின்று
மூன்றையும் நடித்துக் காட்டினேன்.
பால்மாவு வாங்க வந்தவர்
நாற்காலியை இழுத்துப் போட்டார், எனக்கு.

கிளினிக்குக்கு மிஸ் கூ போன் செய்தார்.
அண்ணன் இனிப்புத் தேநீர் குடித்தார்.
அவர்கள் சொல்லச் சொல்ல
உறையின் மேல் தமிழில் எழுதினேன்:
காலையில் சாப்பிட்டு ஒன்று,
இரவில் சாப்பிட்டு ஒன்று.
பரீட்சையில்கூட
அத்தனை குண்டாய் எழுதியதில்லை.

நேர்முகத்துக்குப் பதினேழு நாள்.
ஏன் மருந்தியல் என்று கேட்பார்கள்.
குளியலறைக் கண்ணாடியின் முன்
"சமூகத்துக்குச் சேவை" என்று
ஆங்கிலத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.
கண்ணாடியே நம்பவில்லை.

பாரத்தில் ஒரு பெட்டி உண்டு,
தொடர்புடைய அனுபவம், நூறு சொற்களுக்குள்.
கிருதாவை எங்கே வைப்பது?
நாற்காலி இழுத்துப் போட்டவரை
எந்த வரியில் உட்காரவைப்பது?

இரண்டு காலி எழுதினேன்.
இரண்டு காலியும் அழித்தேன்.
மணி பன்னிரண்டரை,
பெட்டி காலி.